மலை இறங்கத் தெரியாதவர் லாங் டிரிப் டிரைவரா?

கேள்வி: சங்ககிரிப் பக்கத்து வாசகர், 8 ஜூன் 2025

லாங் டிரிப் டிரைவரை எடைபோட ரெண்டே விஷயம் போதும். எத்தனை வருஷம் ஆக்சிடென்ட் இல்லாம ஓட்டியிருக்கார், சொன்ன நேரத்துக்கு லோடு போய்ச் சேருதா. ஊட்டி, கொடைக்கானல்னு மலை வண்டி ஓட்டுறவங்க தங்களை ஏதோ தனி ரகமா நினைச்சுக்கறாங்க. கொண்டை ஊசி வளைவை ஒடிச்சுத் திருப்பத் தெரிஞ்சா முடிஞ்சது கதை, மத்ததெல்லாம் கீழ ஓட்டுற மாதிரிதான். மறுக்கறவங்க மறுக்கலாம்.

8 ஜூன், இரவு

மறுக்கிறேன். வளைவு திருப்புறது ஒரு வாரத்துல கைக்கு வந்துரும். ஏத்தமும் பெரிய விஷயமில்ல. கியர் தப்பா இருந்தா வண்டி இழுக்காது, திணறி நின்னு அப்பவே காட்டிக் கொடுத்துரும். இறக்கத்துல பண்ற தப்பு அப்படி உடனே தெரியாது. குன்னூர்ல இருந்து இறங்கும்போது மேல காட்டேரிங்கிற ஊர்ல பண்ணின தப்பு, கீழ பர்லியார் தாண்டித்தான் காலுக்குத் தெரியும், பெடல் உள்ள போகும்போது.

கணக்கா சொல்றேன். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 சொச்சம். நடுவுல 1,500 மீட்டர். ரெண்டு ஆக்சில் லாரிக்கு 2018ல திருத்தின மொத்த எடை 18.5 டன். இந்த எடை அந்த உயரத்துல இருந்து கீழ வர்றப்போ வெளிய விடவேண்டிய சக்தி ஏறக்குறைய 270 மெகாஜூல். ஏழரை லிட்டர் டீசலை எரிச்சா வர்ற வெப்பம் அது. டயர் உருள்றதுலயும் காத்துலயும் கொஞ்சம் கரையும். மிச்சத்தை ஒண்ணு என்ஜின் வாங்கணும், இல்லேன்னா பிரேக் டிரம் (சக்கரத்தோட சேர்ந்து சுத்துற இரும்பு உருளை) வாங்கணும். என்ஜின் வாங்கினா சைலென்சர் வழியாவும் ரேடியேட்டர் வழியாவும் வெளிய போயிரும். டிரம் வாங்கினா டிரம்முலயேதான் நிக்கும், அங்கிருந்து, டிரம்மை உள்ள இருந்து அழுத்திப் பிடிக்கிற லைனருக்கும், ரிம்முக்கும், ரிம்மோட ஒட்டுற டயர் பீடுக்கும் ஏறும்.

அதனால என் அளவுகோல் வேற. குன்னூர்ல இருந்து முழு லோடோட இறங்கின வண்டியை அடிவாரத்துல, கல்லாறுல ஓரங்கட்டி, ஒவ்வொரு சக்கரத்துகிட்டயும் உள்ளங்கையை நாலு விரல்கடை தள்ளியே வெச்சுப் பாருங்க. தொட்டுறாதீங்க. வெதுவெதுன்னு இருக்கணும், எல்லாச் சக்கரத்துலயும் ஒரே மாதிரி இருக்கணும். ஆறு மாசம் முன்னாடி லைசென்ஸ் வாங்கினவரா, முப்பது வருஷ சர்வீஸா, அது எனக்கு ரெண்டாம்பட்சம்.

9 ஜூன்

"அப்ப பிரேக்கே போடாம இறங்கணுமா?"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். போடணும். எப்படிங்கிறதுதான் கேள்வி.

இறக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கியரைப் பிடிச்சிரணும். அந்த ஏத்தத்தை எந்த கியர்ல ஏறுமோ அதே கியர், இல்ல அதுக்கு ஒண்ணு கீழ. நீலகிரி ரோட்டுல "இரண்டாவது கியரில் இறங்கவும்"னு போர்டு இருக்கு. காருக்கு அது அப்படியே பொருந்தும். ஆறு கியர் லாரியில லோடைப் பொறுத்து ரெண்டோ மூணோ. இறக்கத்துக்கு நடுவுல கியரைக் குறைக்கப் பார்த்தா உள்ள விழாம நியூட்ரல்ல மாட்டிக்கும். அப்படி மாட்டினா கியரோட மல்லுக்கட்டக் கூடாது. டிரம் சூடேறாம இருக்கும்போதே பிரேக்கை அழுத்தி வண்டியை முழுசா நிறுத்திட்டு, முதல் கியர் போட்டு மறுபடி கிளம்பணும். பின்னாடி வர்றவன் ஹாரன் அடிப்பான், அடிக்கட்டும்.

எக்ஸாஸ்ட் பிரேக் சுவிட்ச் ஆன். புகைக்குழாயை ஒரு தட்டு அடைச்சுக்கும், என்ஜின் தன் காத்தையே தள்ள முடியாம வண்டியைப் பிடிக்கும். இது சுத்து எண்ணிக்கையைப் பொறுத்தது. 1,200ல ஏதோ பேருக்குப் பிடிக்கும், 1,800ல இருந்து 2,200 வரைக்கும்தான் நல்லாப் பிடிக்கும். மீட்டர்ல சிவப்புக்குள்ள மட்டும் போகவிடாதீங்க. கீழ ஓட்டிப் பழகினவங்க என்ஜின் கத்துற சத்தத்துக்குப் பயந்து மேல் கியருக்கு மாத்திருவாங்க. அங்கதான் ஆரம்பிக்குது வினை. கிளட்சை மிதிச்சாலும் எக்ஸாஸ்ட் பிரேக் போச்சு. வளைவுல கிளட்ச் மிதிச்சுக்கிட்டே திருப்புற பழக்கம் உள்ளவங்க அதை அடிவாரத்துலயே இறக்கி வெச்சுட்டு வரணும்.

இத்தனைக்கும் மேல வேகம் ஏறினா பிரேக். 20ஐத் தொட்டா நல்லா அழுத்தி 12க்குக் கொண்டுவந்துட்டு முழுசா விட்டுருங்க. திரும்ப 20 வர்ற வரைக்கும் கால் பெடல்ல இருக்கக் கூடாது. லேசா மிதிச்சுக்கிட்டே இறங்குறதுதான் டிரம்மைக் கொல்றது. விட்டு விட்டு அழுத்தினா நடுவுல காத்து பட்டு ஆறும், எல்லா லைனரும் ஒண்ணா வேலை செய்யும். லேசா மிதிச்சா எந்தச் சக்கரம் முதல்ல ஒட்டுதோ அதுவே மொத்தத்தையும் சுமக்கும்.

டிரம் சூடானா விரியும், லைனரை விட்டு விலகிப் போகும். லாரி பிரேக் காத்தழுத்தத்துல வேலை செய்யுது; அந்த இடைவெளியை மூட, காத்து தள்ளுற கம்பியான புஷ் ராடு அதிக தூரம் வெளிய வரணும். அது எல்லையைத் தொட்டுட்டா நீங்க எவ்வளவு மிதிச்சாலும் அவ்வளவுதான். காத்து ஃபுல்லா இருக்கும், காத்து மீட்டர் 8 பார் அழுத்தம் காட்டும், வண்டி நிக்காது. "பிரேக் ஃபெயிலியர்"னு பேப்பர்ல வர்ற செய்தியில பாதிக்கு மேல இந்த ரகமாத்தான் இருக்கும்ங்கிறது என் எண்ணம்.

10 ஜூன்

நியூட்ரல் பத்தி நாலு பேர் கேட்டாச்சு. ஒரே பதில்: கூடாது. டீசல் மிச்சம்ங்கிறதும் பழைய கதை. கம்ப்யூட்டர் அளந்து டீசல் தெளிக்கிற காமன் ரெயில் என்ஜின்ல, கியர்ல இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டா டீசல் தெளிக்கறதே நின்னுரும், சக்கரம்தான் என்ஜினைச் சுத்தும். நியூட்ரல் போட்டா ஐடிலிங்ல ஓட டீசல் வேணும். ஆக நியூட்ரல்ல இறங்குறவர் டீசலையும் எரிச்சு, எக்ஸாஸ்ட் பிரேக்கையும் இழந்து, லைனரையும் தேய்க்கிறார். சாவியையும் அணைச்சுட்டு இறங்குற மகான்கள் உண்டு. ஸ்டீயரிங் கல்லாயிரும், பிரேக்குக்குக் காத்து ஏத்துற கம்ப்ரெசர் சுத்தாது, டேங்க்ல இருக்கிற காத்து நாலு மிதிக்குத் தாங்கினா பெரிசு.

12 ஜூன்

காத்துன்னதும் ஞாபகம் வந்தது. மேல கிளம்புறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியதுல முதல் இடம் டீசலுக்கு இல்ல, காத்துக்குத்தான்.

சமதரையில நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, 8 பார் ஏத்திட்டு என்ஜினை அணைங்க. ஹேண்ட் பிரேக்கை எடுத்துட்டுப் பெடலை முழுசா மிதிச்சு ஒரு நிமிஷம் பிடிங்க. முள் 0.2 பாருக்கு மேல இறங்கினா எங்கயோ கசியுது. அப்புறம் பெடலை மிதிச்சு மிதிச்சு விடுங்க. 5 பார் பக்கத்துல வரும்போது பஸ்ஸர் அலறணும். அலறலைன்னா அந்த ஒயரை யாரோ தொல்லை தாங்காம புடுங்கி விட்டிருக்காங்கன்னு அர்த்தம். இது சாதாரணமா நடக்கறதுதான்.

டேங்க் அடியில இருக்கிற வளையத்தை இழுத்துத் தண்ணியை வெளிய விடணும், தினமும். வெறும் தண்ணி வந்தா, காத்துல ஈரத்தை உறிஞ்சுற டிரையர் கார்ட்ரிட்ஜ் முடிஞ்சுது. பால் மாதிரி வெள்ளையா வழவழன்னு வந்தா கம்ப்ரெசர் ஆயில் விடுது. டிசம்பர், ஜனவரியில தலைகுந்தா பக்கம் உறைபனி இறங்குற ராத்திரி, லைன்ல தங்கின தண்ணி வால்வுக்குள்ள உறைஞ்சிரும். காலையில ஹேண்ட் பிரேக் விடாது.

ஸ்லாக் அட்ஜஸ்டர் (லைனருக்கும் டிரம்முக்கும் நடுவுல இடைவெளியைச் சரிபண்றது): ஒருத்தர் பெடலை மிதிக்க இன்னொருத்தர் அடியில பார்க்கணும். புஷ் ராடு ஒண்ணே முக்கால் அங்குலத்துக்கு மேல வெளிய வந்தா வண்டி ஏத்தத்துக்கு இல்ல, பட்டறைக்கு. கையால திருகுற வகைன்னா லைனர் டிரம்மைத் தொடுற வரைக்கும் இறுக்கிட்டு கால் சுத்துல இருந்து அரை சுத்து வரைக்கும் விடணும். டிரம் சூடா இருக்கும்போது இதைத் தொடவே கூடாது. விரிஞ்ச டிரம்முக்கு அளவு வெச்சா ஆறினதும் கவ்விப் பிடிச்சுக்கும்.

எட்டாம் தேதி சொன்ன உள்ளங்கைக் கணக்கோட இதைச் சேர்த்துக்குங்க. ஒரு சக்கரம் மட்டும் கொதிச்சா அங்க லைனர் ஒட்டிக்கிட்டு ஓடுது. ஒரு சக்கரம் மட்டும் சில்லுன்னு இருந்தா அதுதான் அதிக ஆபத்து. அதோட வேலையை மத்த மூணும் செஞ்சுக்கிட்டு வந்திருக்குன்னு அர்த்தம். சில்லுன்னு இருக்கிறதைப் பார்த்து சந்தோஷப்படுற கிளீனர் பையனுக்கு இதைச் சொல்லிக் கொடுங்க.

கொதிக்கிற டிரம்முல தண்ணி ஊத்தாதீங்க, விரிசல் விடும். அடிவாரம் வந்ததும் ஹேண்ட் பிரேக் போட்டு டீ குடிக்கப் போறதும் வேண்டாம். கட்டை கொடுத்து, கியர்ல விட்டு, ஹேண்ட் பிரேக் இல்லாம ஆறவிடணும்.

12 ஜூன், கொஞ்சம் கழிச்சு

விட்டுப்போனது: ஊட்டி 2,240 மீட்டர். அங்க காத்தழுத்தம் கடல்மட்டத்துல இருக்கிறதுல முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல. கம்ப்ரெசர் அதே சுத்துக்குக் குறைஞ்ச காத்தைத்தான் உறிஞ்சும், டேங்க் நிரம்ப நேரமாகும். மேட்டுப்பாளையத்துல ஸ்டார்ட் பண்ணி உடனே கிளம்பற கணக்கை மேல வெச்சுக்காதீங்க.

14 ஜூன்: பெருமாள்மலை வாசகர்

அண்ணே, எல்லாம் நீலகிரி பாஷையிலயே போகுது. பழனி மலையையும் கொஞ்சம் பாருங்க. வத்தலகுண்டுல இருந்து காமக்காபட்டி, டம்டம் பாறை, ஊத்து வழியா வர்ற ரோட்டுல நீளமான இறக்கமும் நடுவுல சமதரையும் மாறி மாறி வரும். அந்தச் சமதரையில கியரைத் தூக்கி ஓட்டிட்டு, அடுத்த இறக்கத்துல மேல் கியர்லயே நுழைஞ்சிடறாங்க. பழனி ரோடு வேற மாதிரி. சவரிக்காடு பக்கம் ரோடு குறுகல், வளைவும் அடுக்கடுக்கா வரும், ஒரே கியர்லதான் வரணும். அதனால அங்க கியர் தப்பு பண்றது கம்மி, சைடு கொடுக்கறதுல தகராறு ஜாஸ்தி.

14 ஜூன்

தம்பி சொல்றது சரி, இதை நான் சொல்லியிருக்கணும்னு தோணுது. சமதரை வந்துட்டாலே கால் ஓய்வு கேட்கும். டிரம்முக்கு ஆற நேரம் கிடைக்கும், அது நல்லது. ஆனா கியர் இறக்கத்துக்கானதாவே இருக்கட்டும். அரை கிலோமீட்டருக்கு மேல சமதரை கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் மாத்தணும்.

சைடு தகராறுக்கு விதியே இருக்கு. ரெண்டு வண்டிக்கு இடமில்லாத மலை ரோட்டுல இறங்குற வண்டிதான் ஏறுற வண்டிக்கு வழிவிடணும். காரணம் மரியாதை இல்ல. லோடோட ஏறுற வண்டி நின்னுட்டா மறுபடி கிளம்புறப்போ பின்னாடி நழுவும், கிளட்ச் கருகும். இறங்குறவர் காலை வெச்சா நின்னுருவார். டூரிஸ்ட் காருக்கு இது தெரியாது, தெரியணும்னு எதிர்பார்க்கவும் வேண்டாம். மேல் மடிப்பு ரோட்டை முன்கூட்டியே அண்ணாந்து பார்த்து, வர்றவன் யாருன்னு கணிச்சு, அகலமான இடத்துலயே நின்னுக்கிறவர்தான் டிரைவர்.

15 ஜூன்

வளைவு சின்ன வேலைன்னு முதல் நாள் சொன்னதுக்கு ரெண்டு பேர் சண்டைக்கு வந்துட்டாங்க. சரி, எழுதிடறேன்.

வீல்பேஸ் (முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவுல தூரம்) 5.5 மீட்டர் உள்ள லாரியோட முன் சக்கரம் 12 மீட்டர் ஆரத்துல சுத்துதுன்னு வைங்க. பின் சக்கரம் அதைவிட 1.3 மீட்டர் உள்ள தள்ளி வரும். அந்த 1.3 மீட்டரைத்தான் கல்லாறு, குன்னூர் நடுவுல இருக்கிற 14 வளைவுலயும் கையில வெச்சிருக்கணும். ஏறும்போது இடது வளைவுதான் கஷ்டம். உள் ஓரத்துல ரோடு செங்குத்தா இருக்கும், பின் இடது சக்கரம் அதுமேலயே ஏறும், மழையில வழுக்கும். அதனால வலது பக்கம் அகட்டித்தான் நுழையணும். எதிர் லேனைத் தின்னாம முடியாது. அதுக்கு மேல் ரோடு காலியா இருக்கணும், காலியா இல்லேன்னா வளைவுக்கு ஒரு வண்டி நீளம் முன்னாடியே நின்னுரணும். பாதி வளைவுல நின்னா உங்களாலயும் போக முடியாது, எதிர்ல வந்தவனாலயும் முடியாது, அப்புறம் ஹோல்டான், ரைட், ஹோல்டான்னு ஊரே டிராஃபிக் போலீஸ் ஆயிரும்.

கியர் மாத்துறது வளைவுக்கு முன்னாடி. உள்ள போய் இல்ல.

17 ஜூன்

பலாப்பழ சீசன். குன்னூர் போற பர்லியார், கோத்தகிரி போற குஞ்சப்பனை ரெண்டு ரூட்லயும் யானை ரோட்டுக்கு வரும். 50 மீட்டருக்குக் குறையாம நின்னுக்குங்க, ஹாரன் வேண்டாம், லைட்டை டிம்முல வெச்சிருங்க, பின்னாடி ரிவர்ஸ் போக இடம் விட்டு நில்லுங்க. கிளீனர் இறங்கி செல்ஃபி எடுக்கறதுக்கு அங்க அனுமதி இல்ல, யானைகிட்டயும் கேட்டுப் பார்க்க வேண்டாம்.

கூடலூர் பக்கம் போறவங்களுக்கு: தென்மேற்குப் பருவமழை அங்கதான் முழுசா இறங்கும், நடுவட்டம் வரைக்கும் பனிமூட்டமும் சேர்ந்துக்கும். குன்னூர் பக்கம் மண்சரிவு பெரும்பாலும் அக்டோபர், நவம்பர்ல. பந்திப்பூர் காட்டு ரோடு ராத்திரி 9ல இருந்து காலை 6 வரைக்கும் மூடியிருக்கும், 2009ல இருந்து இதான். குண்டலுப்பேட்டைக்கு லோடு எடுக்கறவர் இதை வெச்சுத்தான் கிளம்புற நேரத்தைத் தீர்மானிக்கணும். கேட்டுல போய் நின்னு கெஞ்சறது தொழில் இல்ல.

19 ஜூன்

"லோடு போய்ச் சேர்ந்தா போதும்"னு முதல் கேள்வியில இருந்தது. எந்த நிலைமையில சேருதுங்கிறதும் டிரைவர் கையிலதான் இருக்கு.

தேயிலைத்தூளை எடுத்துக்குங்க. அடுப்புல காய்ஞ்சு வெளிய வரும்போது அதுல ஈரம் 3 சதவீதம் அளவுதான். சுத்தியிருக்கிற ஈரத்தையும் வாசனையையும் இழுத்துக்கற பொருள். பாடியில முந்தின லோடு பூண்டா, மீனா, வெங்காயமா, மண்ணெண்ணெயான்னு கேட்காம தூள் மூட்டை ஏத்தக் கூடாது. நல்ல டிரைவர் காலி பாடிக்குள்ள ஏறி நின்னு முதல்ல மூக்கால பார்ப்பார். அப்புறம் பின் கதவைச் சாத்தி, தார்ப்பாயை மூடி, உள்ள இருந்து வெளிச்சம் வர்ற ஓட்டையைத் தேடுவார். வெளிச்சம் வர்ற இடத்துல மழையும் வரும். பலகையில ஈரம் இருந்தா ஏத்தமாட்டேன்னு சொல்வார், பேக்டரி மேஸ்திரி எவ்வளவு கத்தினாலும் சரி. கொடைக்கானல் பக்கம் பூம்பாறை, மன்னவனூர்ல இருந்து வடுகபட்டிக்குப் பூண்டு அடிச்ச வண்டிக்குக் கழுவிக் காயவைக்காம தூள் லோடு கொடுக்கறவங்களும் இருக்காங்க. அந்த டீயை யார் குடிச்சாங்களோ.

கேரட் இதுக்கு நேர் எதிர். கழுவின மூட்டை தண்ணி சொட்டிக்கிட்டே ஏறும். தார்ப்பாயை இறுக்கிப் போர்த்தினா வெந்துரும். மேல மட்டும் மூடி ரெண்டு பக்கமும் காத்து விடணும். சொட்டுற தண்ணி பின் சக்கரத்துக்கு முன்னாடி விழும், வளைவுல பின்னாடி வர்ற பைக்காரன் வழுக்குவான். கிளம்புறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் சரிவுல நிறுத்தி வடியவிட்டா பாதி தொல்லை தீரும்.

எடையைப் பரப்புறதும் இதுல சேரும். பின்னாடி அதிகம் ஏத்தினா ஏத்தத்துல முன் சக்கரம் லேசாகும், ஸ்டீயரிங் பஞ்சு மாதிரி ஆயிரும். உருளைக்கிழங்கு 45 கிலோ மூட்டை. இருபது மூட்டையைப் பின் கதவுப் பக்கம் அடுக்கறதும் முன்னாடி அடுக்கறதும் ஒண்ணு இல்ல.

21 ஜூன்: சங்ககிரி வாசகர்

ஏனுங்க, டிரம், காத்து, மூட்டைன்னு எல்லாம் சொல்லிட்டீங்க. தூக்கத்தை விட்டுட்டீங்களே. லாங் டிரிப்புன்னா அதுதானுங்களே முதல்ல.

21 ஜூன், இரவு

விடலைங்க, வரிசையில நின்னுக்கிட்டு இருந்தது.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961ன்படி (2025 நவம்பர் வரைக்கும் அமல்ல இருந்தது) நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. நெடுந்தூர ரூட்டுக்கு நாளைக்கு 10, வாரத்துக்கு 54 வரைக்கும் போகலாம்னு இருந்தது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல கூடாது, நடுவுல அரை மணி ஓய்வு. இதைப் படிச்சுட்டு எத்தனை பேர் சிரிப்பாங்கன்னு எனக்குத் தெரியும்.

மேட்டுப்பாளையத்துல இருந்து கோயம்பேடு 500 கிலோமீட்டருக்கு மேல. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 80ல நிறுத்திரும், சராசரி 50 கிடைச்சா நல்ல ஓட்டம். பத்து மணி நேரம் ஆச்சு. விடியறதுக்கு முன்னாடி மார்க்கெட்டுல நிக்கணும்னா சாயங்காலமே கிளம்பணும். அதே ஆளு காலையில ஊட்டி பக்கத்துல கேத்தியில போய் லோடு ஏத்தி, மலை இறங்கி, மண்டியில நின்னு, அப்புறம் சென்னைக்கும் ஓட்டினா, கண் சொருகுற நேரமான ராத்திரி 2ல இருந்து 5 மணிக்குள்ள அவர் உளுந்தூர்பேட்டை தாண்டியிருப்பார். ரோடு நேரா இருக்கும், வண்டி சத்தம் ஒரே சீரா இருக்கும். இதுக்கு புளிப்பு மிட்டாய், பீடி, மூஞ்சியில தண்ணி எதுவும் மருந்து இல்ல. மலைக்கு ஒரு டிரைவர், சமவெளிக்கு ஒரு டிரைவர்னு மேட்டுப்பாளையத்துல ஆள் மாத்தறதுதான் சரி. முடியலைன்னா மண்டியில மூட்டை இறங்கி ஏறுற நேரம் அவர் கேபின்ல படுத்துத் தூங்கணும். மூட்டை எண்ணுறதுக்குக் கிளீனர் இருக்கார்.

கண் எரியுது, லேன் மாறிப் போயிட்டு வெடுக்குன்னு இழுக்கறீங்க, கடைசியா தாண்டின டோல்கேட் எதுன்னு ஞாபகம் வரலை. இந்த மூணுல ஒண்ணு நடந்தாலே வண்டியை ஓரங்கட்டிட்டு இருபது நிமிஷம் கண்ணை மூடணும். முதலாளிகிட்ட போன்ல "டயர் பார்க்கறேன்"னு சொல்லிக்கலாம், பாவம் ஒண்ணும் வராது.

22 ஜூன்

தூக்கத்தோட ஒட்டினது: 2025 அக்டோபர் 1ல இருந்து தயாராகிற லாரிக் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். "ஊட்டிக்கு ஏ.சி. எதுக்கு"ன்னு கிண்டல் வருது. குளிருக்கு இல்லீங்க. மழையில கண்ணாடி உள்பக்கம் ஆவி படிஞ்சு மூடிக்கும் பாருங்க, அதுக்குத்தான். ஏ.சி. காத்துல ஈரத்தை எடுத்துரும். சூடான காத்தோட சேர்த்து கண்ணாடிக்குத் திருப்பினா ஒரு நிமிஷத்துல தெளியும். இப்போ எல்லாரும் கையில வெச்சிருக்கிற பழைய பனியன் துணி எண்ணெய்ப் படலத்தைத்தான் பூசுது, எதிர் லைட்டு பட்டா அது இன்னும் மோசம். பனிமூட்டத்துல பிரைட் போடாதீங்க, வெளிச்சம் திரும்ப உங்க கண்ணுலயே அடிக்கும்.

24 ஜூன்

வலது இண்டிகேட்டர். பின்னாடி வர்ற வண்டிக்கு "முந்திக்கோ"ன்னு காட்ட லாரிக்காரங்க போடுறது. அதே இண்டிகேட்டருக்கு "நான் வலது பக்கம் திரும்பப் போறேன்"னும் அர்த்தம் உண்டு. இடது வளைவுக்கு முன்னாடி நாம வலது பக்கம் அகட்டுறோம்னு 15ஆம் தேதி சொன்னது ஞாபகம் இருக்கா? அங்க இதைப் போட்டா பின்னாடி இருக்கிறவன் முந்த வருவான், நேரா உங்க வலது பக்கத்துல வந்து மாட்டுவான். மலையில இண்டிகேட்டர் திரும்பறதுக்கு மட்டும். வழிவிடணும்னா கையைக் காட்டுங்க, அதுவும் முழு ரோடும் கண்ணுக்குத் தெரியற இடத்துல.

27 ஜூன்

வண்டி பிடிக்காம ஓட ஆரம்பிச்சா என்ன செய்றதுன்னு கேட்டிருக்காங்க. கீழே போறதுக்கு முன்னாடி மனசுல ஓட்டிப் பார்த்து வெச்சிருக்க வேண்டியது, அப்போ யோசிக்க நேரம் இருக்காது.

கியரை எடுக்காதீங்க. எக்ஸாஸ்ட் பிரேக் ஓடட்டும். சாவியைத் தொடாதீங்க, அதனால ஒரு லாபமும் இல்ல. எல்லா லைட்டும் போட்டு ஹாரனை விடாம அழுத்துங்க. ஹேண்ட் பிரேக் லிவரைப் படக்குன்னு இழுக்காம, கொஞ்சம் கொஞ்சமா இழுங்க. ஒரேயடியா இழுத்தா பின் சக்கரம் பூட்டிக்கும், வண்டி குறுக்க திரும்பும். இதுக்கும் அடங்கலைன்னா மலைச்சுவர்ப் பக்கம் உரசணும். பக்கத்துக் கால்வாயில சக்கரத்தை இறக்கினா அடிப்பாகம் தரையில இழுபட்டு நிக்கும். பாடி போகும், கண்ணாடி போகும், ஆள் இருப்பார்.

ஆனா மலைச்சுவர் எந்தப் பக்கம்? ஒவ்வொரு கொண்டை ஊசி தாண்டும்போதும் அது இடம் மாறும். இந்த மடிப்புல இடது பக்கம் இருந்தா அடுத்ததுல வலது பக்கம், அங்க போகணும்னா எதிர் லேனைக் குறுக்கா கடக்கணும். அதனால சுவர் நம்ம இடது பக்கம் இருக்கிற மடிப்புலயே முடிவு எடுத்துரணும். "அடுத்த வளைவு வரைக்கும் பார்க்கலாம்"னு விட்டா வாய்ப்பு போச்சு. இறங்கும்போது இடது சுவர், வலது சுவர்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே வர்ற பழைய டிரைவர்கள் உண்டு. பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு ஜபம் பண்ற மாதிரி இருக்கும்.

28 ஜூன்

சின்னது. பிரேக்டவுன்ல சக்கரத்துக்குக் கல் வைக்கிறீங்க, சரியாகிக் கிளம்பும்போது கல் ரோட்டுலயே கிடக்குது. ராத்திரி பைக்ல வர்றவனுக்கு அதுதான் எமன். கட்டைக்கு ஒரு துண்டுக் கயிறு கட்டி பாடி கொக்கியில மாட்டிட்டா மறக்கவே முடியாது, வண்டி நகர்ந்தா இழுபட்டு சத்தம் போடும். டயர் மாத்தினா 50 கிலோமீட்டர் கழிச்சு நட்டை மறுபடி இறுக்கணும். ரெட்டைச் சக்கரத்துக்கு நடுவுல கல் மாட்டியிருக்கான்னும் அப்பவே பார்த்துருங்க. ரீட்ரெட் டயர் (தேஞ்ச டயர் மேல புது ரப்பர் ஒட்டினது) முன் சக்கரத்துக்கு வேண்டவே வேண்டாம்.

30 ஜூன்: மேட்டுப்பாளையம் வாசகர்

பெரிய வண்டி லோடை இங்க இறக்கிச் சின்ன வண்டியில மேல அனுப்பறோம். இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஜி.எஸ்.டி.ல எடுக்கிற சீட்டு) ஏற்கனவே போட்டது இருக்கு. புதுசா எடுக்கணுங்களா?

30 ஜூன்

வேண்டாம். அதே பில்லுல பி பகுதியில வண்டி நம்பரை மாத்திட்டா போதும், ஆனா வண்டி நகர்றதுக்கு முன்னாடி மாத்தணும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்னு செல்லுபடி. மண்சரிவுல ரோடு மூடி மாட்டிக்கிட்டா, காலாவதியாகறதுக்கு 8 மணி நேரம் முன்னாடியோ பின்னாடியோ நீட்டிக்கலாம். காலாவதியாகி ஒன்பதாவது மணி நேரத்துல ஞாபகம் வந்து பிரயோஜனம் இல்ல. அதனால டிரைவர் போன்லயும் அந்தத் தேதியும் மணியும் இருக்கணும், ஆபீஸ்ல மட்டும் இருந்தா பத்தாது.

பி.எஸ். 6 (புதுப் புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) வண்டியில மேல போறவங்களுக்கு இன்னொண்ணு: புகைவடிகட்டி தன்னைத்தானே எரிச்சு சுத்தம் பண்ணிக்கிற விளக்கு எரியும்போது, பிப்ரவரி, மார்ச்ல காய்ஞ்ச புல், யூகலிப்டஸ் சருகு மேல நிறுத்தாதீங்க. குழாய் சூட்டுல தீப்பிடிக்கும்.

3 ஜூலை: சங்ககிரி வாசகர்

படிச்சேனுங்க எல்லாத்தையும். ஒத்துக்கறேன், உள்ளங்கைக் கணக்கு நல்லா இருக்கு. ஆனா எங்க பக்கம் டிரைவருக்கு மைலேஜ் போனஸ் உண்டு. லிட்டருக்கு இவ்வளவுன்னு வெச்சு, மிச்சம் பிடிச்சா காசு. நீங்க சொல்ற மாதிரி ரெண்டாம் கியர்ல கத்திக்கிட்டு இறங்குனா போனஸ் போயிருமேன்னு டிரைவர் சொல்றார். அவருக்கு என்ன பதில்?

3 ஜூலை, இரவு

இறக்கத்துல போகாது, பத்தாம் தேதிக் குறிப்பைக் காட்டுங்க. கியர்ல இறங்கும்போது டீசல் தெளிக்கறதே இல்ல. மைலேஜ் அடிபடறது ஏத்தத்துல. அங்க டிரைவரால பெருசா ஒண்ணும் மிச்சம் பிடிக்க முடியாது, அந்த எடையை அந்த உயரத்துக்குத் தூக்கித்தான் ஆகணும். சமவெளி ரூட்டோட சராசரியை மலை டிரிப்புக்கும் அளவா வெச்சா, ஏத்தத்துல போனதை இறக்கத்துல பிடிக்கப் பார்ப்பார். நியூட்ரல் அங்கிருந்துதான் வருது. இதுல டிரைவரை மட்டும் திட்டி லாபம் இல்ல.

செய்ய வேண்டியது இது. மேட்டுப்பாளையத்துல டேங்க் ஃபுல் பண்ணுங்க. மேல போய் இறங்கி வந்ததும் அதே பங்க்ல திரும்ப ஃபுல் பண்ணி எத்தனை லிட்டர் பிடிச்சுதுன்னு பாருங்க. ரெண்டு மூணு டிரிப்பு, வேற வேற லோடுல எடுத்தா மலைக்குன்னு தனிக் கணக்கு கிடைச்சிரும். அதை மைலேஜ் போனஸ்ல இருந்து வெளிய எடுத்துருங்க, மலை டிரிப்புக்குத் தனி படி போடுங்க. லைனர் செலவையும் அதே நோட்டுல பக்கத்துல எழுதி வாங்க. எந்த டிரைவர் வண்டிக்கு எத்தனை மாசத்துல லைனர் மாத்துறீங்கன்னு ஒரு வருஷம் எழுதினா, கல்லாறுல போய்க் கையை நீட்டிப் பார்க்க வேண்டிய வேலைகூட உங்களுக்கு இல்ல.